கல்லிலும் செம்பிலும் ஓலையிலும்: தீவகத்தில் ஆவணம் காத்த வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் ஆழமற்ற கடலில் கிடக்கும் வேலணை, மண்டைதீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றை ஒருசேரத் தீவகம் என்று அழைப்பது ஊர்வழக்கு. ஆறும் பெருவயலும் இல்லாத இந்த நிலத்துண்டுகள் வரலாற்றில் இடம்பெற்றதற்குத் துறைமுகமே முதற்காரணம். துறை இருந்த இடத்தில் சரக்கும், சரக்கு இருந்த இடத்தில் கணக்கும் உண்டாயின. கணக்கு உண்டான பின் அதை யார் எழுதுவது, யார் வைத்திருப்பது, யார் பார்க்கலாம் என்ற கேள்விகளும் கூடவே வந்தன. அக்கேள்விகளுக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளைத் தொடர்ந்து நோக்கினால், ஆவணத்தைக் காப்பதற்கு இருவேறு முறைகள் இப்பகுதியில் ஒன்றோடொன்று பிணங்கியபடியே வாழ்ந்து வந்தமை புலப்படும். எழுதியதைப் பலர் அறியச் செய்து, படிகள் எடுத்து, பல கைகளில் பிரித்து வைப்பது ஒன்று. எழுதியதை ஒரே அலுவலகத்தில் அடைத்து, வெளியாருக்கு விளங்காத மொழியில் வைத்திருப்பது மற்றொன்று. பூட்டும் திறப்பும் (சாவியை யாழ்ப்பாணத்தார் திறப்பு என்பர்) இரண்டாவது முறைக்கு உரிய கருவிகளாகும். முதல் முறைக்கு அவை பெரிதும் வேண்டியிருக்கவில்லை.

தீவகத்தில் எஞ்சியிருக்கும் வணிக ஆவணங்களுள் தலையாயது நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டாகும். 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைக் கூறும் அதனைக் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறை என்று கல்வெட்டுக் குறிக்கும் துறை இன்றைய ஊர்காவற்றுறை என்பதே அறிஞர் கொள்கை. அத்துறைக்குப் பரதேசிகள், அதாவது பிறநாட்டு வணிகர், வந்து தங்க வேண்டும் என்றும், அவர்களுக்குக் காவல் அளிக்கப்பட வேண்டும் என்றும் ஆணை தொடங்குகிறது. அடுத்து வருவது உடைந்த கப்பலைப் பற்றிய விதி: யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, அதாவது அரச கருவூலத்துக்குச் சேரும், மூன்று பங்கு உடையவனுக்கு விடப்படும், வணிகச் சரக்கு ஏற்றிவந்த மரக்கலம் கெட்டால் பாதி பண்டாரத்துக்கும் பாதி உடையவனுக்கும் உரியன. மன்னருக்கு யானை, குதிரை மீது விருப்பம் இருந்ததனால் அவற்றைக் கொண்டுவருவோருக்குச் சலுகை மிகுதி என்று கல்வெட்டே காரணமும் கூறிவிடுகிறது. அரசாணைகளில் இப்படி மனந்திறந்த காரணம் அரிதாகவே காணப்படும்.

கப்பல் உடைந்தபின் கரையில் ஒதுங்கிய சரக்கை அவ்விடத்து அதிகாரியும் ஊராரும் தமதாக்கிக் கொள்வது இந்துமாக்கடலின் பல கரைகளில் நிலவிய வழக்கமாகையால், பங்கு இன்னதென்று முன்கூட்டியே எழுதி வைப்பது வணிகரை ஈர்க்கும் வழியாயிற்று. அந்த எழுத்து எங்கே, எம்மொழியில் இருந்தது என்பதிலேதான் அதன் வலிமை தங்கியிருந்தது. சிங்கள மன்னரின் ஆணை தமிழில் வெட்டப்பட்டமைக்குக் காரணம், அதைப் படிக்க வேண்டியவர்கள் தமிழ் வழங்கிய கடற்கரைகளிலிருந்து வந்த வணிகரும், துறையில் இருந்த அலுவலரும் என்பதாகவே இருக்க வேண்டும். ஆணை கல்லிலும் செம்பிலும் எழுதுவிக்கப்பட்டது என்று கல்வெட்டு கூறுவது இங்கே ஊன்றி நோக்கத்தக்கது. செப்பேடு எடுத்துச் செல்லத்தக்கது, மடித்து உருக்கத்தக்கது, கருவூலத்தில் வைக்கத்தக்கது. கல்லோ நட்ட இடத்தில் நிற்பது, வழியே போகும் எவரும் படிக்கத்தக்கது. ஒரே விதியின் ஒரு படி அரசின் கையிலும் மற்றொரு படி வெளியார் கண்முன்னும் இருந்தால், துறையில் உள்ள அதிகாரி பாதிக்குப் பதில் முக்கால் கேட்கும்போது வணிகன் கல்லைக் காட்டி வாதாட முடியும். இன்று கையில் இருப்பது கல் மட்டுமே.

பராக்கிரமபாகு காலத்தில் இத்துறை வணிகத்துக்கு மட்டும் பயன்பட்டதன்று. சோழருக்கு எதிராகக் கப்பல்கள் கட்டப்பட்டுப் படைகள் திரட்டப்பட்ட இடங்களுள் ஊராத்துறையும் ஒன்று எனத் திருவாலங்காட்டுச் சோழர் கல்வெட்டு கூறுகிறது. எனவே, பரதேசிகளுக்கு அளித்த உறுதிமொழி போர்க்காலத்தில் குதிரை தேடிய ஓர் அரசின் உறுதிமொழி என்றும் கொள்ளலாம்.

கல்லும் செம்பும் அரசுக்கு உரியவை. மக்கள் எழுதியது பனையோலையில். தீவகத்தில் பனைக்குக் குறைவில்லை. பதப்படுத்தி உலர்த்திய ஓலையை ஒரே அளவாக நறுக்கி, இடக்கையில் தாங்கி, வலக்கையின் எழுத்தாணியை ஏறக்குறைய அசையாமல் வைத்துக்கொண்டு ஓலையையே நகர்த்தி எழுதுவது எழுத்தரின் பயிற்சி. கீறிய எழுத்து முதலில் கண்ணுக்குத் தெரியாது. கரியையும் இலைச்சாற்றையும் குழைத்துப் பூசித் துடைத்த பின்னரே கருமை கீறலில் தங்கி எழுத்து வெளிப்படும். இம்முறையில் காவலுக்கு உதவும் பண்பு ஒன்று உண்டு. மையால் எழுதியதைக் கழுவலாம். ஓலையில் கீறியதை அழிக்க வேண்டுமாயின் மேற்றோலைச் சுரண்ட வேண்டும், சுரண்டிய இடம் வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்துவிடும். ஆனால் ஓலை நெடுங்காலம் நில்லாது. உப்புக்காற்றும் ஈரமும் செல்லும் இராமபாணப் பூச்சியும் அதன் பகைவர்கள். அடுப்புக்கு மேலே புகை படும் பரணில் ஏட்டுக் கட்டுகளை வைப்பதும், வேப்பிலையும் வசம்பும் இடையிட்டு வைப்பதும் தமிழர் வீடுகளில் பரவலாக இருந்த காப்பு முறைகள். இவற்றுக்கும் மேலான காப்பு, சில தலைமுறைக்கு ஒருமுறை புதிய ஓலையில் படியெடுப்பது. படியெடுக்கப்படாத ஏடு பூட்டிய பெட்டியில் இருந்தாலும் அழிந்தே தீரும்.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியபோது ஆவணத்துக்குப் புதிய பெயர் ஒன்றும் வந்தது. லிஸ்பனில் அரச ஆவணங்கள் இருந்த கோட்டைக் கோபுரம் தோர் தோ தோம்போ எனப்பட்டது. தோம்போ என்றால் பதிவேடு. அச்சொல்லே தோம்பு என்று தமிழில் நிலைத்தது. ஊரூராக நிலம், வருவாய், இறுக்க வேண்டிய வரி ஆகியவற்றைத் திரட்டிய ஏடுகளைப் போர்த்துக்கேயர் எழுதுவித்தனர்; 1645ஆம் ஆண்டுக்குரிய போர்த்துக்கேய ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டு யாழ்ப்பாண இராச்சியத்தின் நிருவாகத்தை விவரித்து போல் ஈ. பீரிஸ் 1920இல் ஒரு நூல் வெளியிட்டார். ஊர்காவற்றுறையின் மற்றப் பெயரான கயிற்ஸ் என்பதும் அக்காலத்தது. துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. இலங்கைக் காடுகளில் பிடித்த யானைகள் இங்கிருந்து கப்பலேறியமையால் யானைத்துறை என்ற பொருளில் அவர்கள் அதை அழைத்தனர். குதிரை வந்திறங்கிய துறையிலிருந்தே யானை ஏறிச் சென்றது. இரண்டுக்கும் கணக்கு வேண்டியிருந்தது.

ஒல்லாந்தர் 1658இல் வந்தபோது தீவுகளுக்குத் தம் நாட்டு நகர்களின் பெயர்களைச் சூட்டினர்: வேலணை லெய்டன் ஆயிற்று, காரைதீவு ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், எழுவைதீவு ஹோர்ன், நெடுந்தீவு டெல்ஃப்ற். இவற்றுள் கடைசிப் பெயர் மட்டுமே மக்கள் நாவில் நின்றது. பெயரிடுதலே ஒருவகைப் பதிவு என்று கொண்டால், ஆறு பெயர்கள் கம்பனியின் ஏட்டுக்குள்ளேயே முடங்கிப்போயின எனலாம்.

1602இல் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, ஆவணத்தை நிறுவனத்தின் உயிர்நிலையாகக் கருதிய அமைப்பு. யாழ்ப்பாணத்துச் செயலகத்தில் எழுதப்பட்டது கொழும்புக்கும், கொழும்பிலிருந்து பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா), அங்கிருந்து ஆம்ஸ்டர்டாமில் கூடிய பதினேழு இயக்குநர் சபைக்கும் சென்றது. கடலில் கப்பல் மூழ்கினாலும் செய்தி மூழ்காதிருக்க முதன்மைக் கடிதங்கள் படியெடுக்கப்பட்டு வெவ்வேறு கப்பல்களில் அனுப்பப்பட்டன. இலங்கை, இந்தியா, இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் சிதறிக் கிடக்கும் அக்கம்பனியின் ஆவணத் தொகுதி 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அலுவலர் மாறும்போது அறிவு மாறிப்போகாதிருக்க அவர்கள் கண்ட வழி, பதவி விட்டு நீங்கும் தலைமை அதிகாரி தம்பின் வருவோருக்கு விரிவான பொறுப்பளிப்பு அறிக்கை எழுதி வைப்பதாகும். ஹென்றிக் ஸ்வார்டெக்ரூன் 1697இல் யாழ்ப்பாணத்து ஆலோசனைச் சபைக்கு எழுதிய அறிக்கையும், அந்தனி மோயார்ட் 1766இல் எழுதியதும் அவ்வகையின. யானை வணிகம், சாயவேர் தோண்டுதல், நெடுந்தீவிலும் இரணைதீவிலும் குதிரை வளர்த்தல், தோம்பின் நிலை என்று ஸ்வார்டெக்ரூன் தொடாத பொருள் குறைவு. நெடுந்தீவில் இன்று எவர் ஏட்டிலும் இல்லாமல் வெட்டவெளியில் மேயும் குதிரைகளின் முன்னோர் அன்று கம்பனியின் கணக்கில் இருந்தவை.

இந்த நிறுவனத்தின் காவல் முறை, தன் உறுப்புகளுக்குள் பல படிகள், வெளியாருக்கு ஒன்றுமில்லை என்பதாக இருந்தது. கடல் வரைபடங்களை மறைபொருளாகக் காத்த கம்பனி வருவாய்க் கணக்கையும் அவ்வாறே கருதியது. தோம்பு இருவகைப்பட்டது: காணித்தோம்பு ஊர்வாரியாக நிலத்துண்டுகளையும் உடையவரையும் விளைபொருளையும் பதிந்தது, தலைத்தோம்பு குடும்பத்தவரின் பெயர், உறவு, குலம், அவர்கள் செய்ய வேண்டிய ஊழியம் ஆகியவற்றைப் பதிந்தது. ஊழியம் என்பது கூலியின்றி அரசுக்கு உழைக்கும் கடமை. ஆதலால் தலைத்தோம்பில் ஒருவன் பெயர் எவ்வரிசையில் நின்றது என்பது அவன் முதுகின் சுமையையே தீர்மானித்தது. தன்னைப் பற்றிய அந்த வரியை அவனால் படிக்க முடியவில்லை; அது ஒல்லாந்த மொழியில், கோட்டைச் செயலகத்தில் இருந்தது. ஊரில் ஓலையில் கணக்கு வைத்தவர் கணக்கப்பிள்ளை. ஒல்லாந்தருக்கு ஓலை படிக்கத் தெரியாது, குடியானவனுக்குத் தாள் படிக்கத் தெரியாது, இரண்டு பக்கத்தாரும் நடுவே நின்றவருக்கு அஞ்ச வேண்டியதாயிற்று. மறைத்து வைக்கும் முறையின் இயல்பான விளைவு இது: நடுவில் நிற்பவன் கையில் அதிகாரம் சேரும். இறப்பும் விற்பனையும் பாகப்பிரிவினையும் நாளும் நிகழ்ந்துகொண்டிருக்க, தோம்பு அது எழுதப்பட்ட நாளிலேயே நின்றமையால், அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டியும் இருந்தது.

எனினும் அதே ஒல்லாந்தர், காணி விற்பனையைப் பொறுத்தவரை நேர்மாறான முறையைக் கைக்கொண்டனர் என்பதே இவ்வரலாற்றில் சுவையான பகுதி. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளைத் திசாவை என்ற பதவியில் இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்து 1707இல் ஒப்படைத்தார். யான் பைரஸ் தமிழில் பெயர்த்ததை முதலியார்கள் பன்னிருவர் ஆராய்ந்து சரியென ஒப்பமிட்டபின் அது தேசவழமை என்ற பெயரில் சட்டமாயிற்று. காணி விற்க விரும்புவோர் வாரிசுகள், பங்காளர், அயற்காணிக்காரர் ஆகியோருக்கு முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்பது அதில் கண்ட பழைய வழக்கு. முன்வாங்கும் உரிமை அவர்களுக்கே உண்டு. 1690களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தை ஆண்ட புளோரிஸ் புளொம் காலத்தில் அவ்வழக்கு மாற்றப்பட்டு, விற்பனைக் கருத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தொடர்ந்து தேவாலயத்தில் அறிவிக்கப்பட்ட பிறகே விற்பனை நடக்கலாம் என்று ஆயிற்று. எழுத்தறியாதவரும் கேட்கத்தக்கதாக, ஊர் முழுவதும் கூடுமிடத்தில், மூன்று வாரம் உரத்துச் சொல்லப்பட்ட செய்தியைப் பின்னர் எவராலும் மறைக்கவோ திரிக்கவோ இயலாது. நயினாதீவுக் கல் செய்த வேலையைத் தேவாலயத்தின் குரல் செய்தது. அத்தேவாலயத்துக்கு வந்தோரில் பலர் பெயரளவிலே கிறித்தவர் என்பது வேறு செய்தி.

கோயிற்பற்று என்ற சொல் தேவாலயம் வழி நடந்த அந்த நிருவாகத்தின் எச்சமாகும். திருச்சபையின் பங்கைக் குறிக்க எழுந்த அச்சொல், சைவர் ஒருவர் சைவர் ஒருவருக்குக் காணி எழுதும் உறுதிகளிலும் நிலப்பிரிவின் பெயராக நின்றுவிட்டது. தேவாலயத்தை அடுத்திருந்த பள்ளியின் ஆசிரியர் திருமுழுக்கையும் திருமணத்தையும் பதிந்த ஏடு பள்ளித்தோம்பு எனப்பட்டது; யார் யாருடைய பிள்ளை என்ற கேள்வி சொத்து வழக்கில் எழும்போது அதுவே சான்றாயிற்று. பல்தேயு பாதிரியார் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில் தீவுகளின் தேவாலயங்களையும் பள்ளிகளையும் விவரித்துள்ளார்.

ஆவணத் தொழிலின் சொற்களைச் சற்று நின்று நோக்கினால் இரு அடுக்குகள் தெரியும். தோம்பு, கடுதாசி, அலுமாரி ஆகியன போர்த்துக்கேயம். நொத்தாரிசு, கந்தோர் (அலுவலகம்), லாச்சி (மேசையின் இழுப்பறை) ஆகியன ஒல்லாந்தம். எழுதும் பொருள், எழுதும் இடம், எழுதியதை வைக்கும் பெட்டி எல்லாவற்றுக்கும் வந்தேறிய சொற்கள். ஆனால் ஆவணத்தின் பெயர் மட்டும் உறுதி. தமிழ்நாட்டில் பத்திரம் எனப்படுவதை யாழ்ப்பாணத்தார் உறுதி என்றே சொல்வர்: அறுதியுறுதி என்பது முழு விற்பனை, ஈட்டுறுதி என்பது அடைமானம், சீதன உறுதி என்பது மகளுக்கு எழுதிக் கொடுப்பது. தாளின் பெயரைச் சொல்லாமல், தாள் தரும் நம்பிக்கையின் பெயரையே தாளுக்கு இட்ட சொல்லாட்சி அது.

ஆங்கிலேயர் 1795இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பிறகு, மொழியால் பூட்டிய ஆவணங்கள் அடுத்து வந்த ஆட்சியாளருக்கே பூட்டாகிப் போயின. ஒல்லாந்த மொழி படிப்போர் அருகிய நிலையில், அரச ஆவணக் காப்பாளர் ஆர். ஜி. அந்தோனிஸ் 1907இல் கொழும்பில் இருந்த ஒல்லாந்த ஆவணங்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். சோபியா பீட்டர்ஸ் மொழிபெயர்த்த மோயார்ட் அறிக்கை 1910இலும் ஸ்வார்டெக்ரூன் அறிக்கை 1911இலும் அச்சேறின. கம்பனியின் மறைபொருள் நூற்றாண்டு கடந்து எவரும் விலைக்கு வாங்கத்தக்க நூலாயிற்று.

தேசவழமையை 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்கு விதியால் ஏற்றுக்கொண்ட ஆங்கிலேயர், ஆவணக் காவலில் தம் முறையைப் படிப்படியாகப் புகுத்தினர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணி கைமாறுவதாயின் நொத்தாரிசு முன்னும் இரு சாட்சிகள் முன்னும் ஒப்பமிட்ட எழுத்து வேண்டும் என்று விதித்தது. 1863இல் காணிப் பதிவு தொடங்கியது. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டமும் 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டமும் இன்றுவரை நடைமுறையில் இருப்பவை. இவற்றின்படி ஓர் உறுதி மூன்று இடங்களில் வாழ்கிறது. மூலம் காணி பெற்றவர் கையில்; நொத்தாரிசு தம்மிடம் வைத்துக்கொள்ளும் படி அவருடைய ஏட்டுத் தொகுதியில்; இணைப்படி அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் காணிப் பதிவாளரிடம். நொத்தாரிசு இறந்தாலோ தொழிலை விட்டாலோ அவருடைய தொகுதியும் பதிவாளரிடம் சேர வேண்டும். ஒரே காணியை இருவருக்கு எழுதிக் கொடுத்த இடத்தில், நல்ல விலை கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவரின் உறுதி, காலத்தால் முந்தியதாயினும் பதியப்படாத உறுதியை வெல்லும். மூன்று ஞாயிறுகளின் குரலுக்கு ஈடாகப் பதிவேட்டின் திறந்த பக்கம் வந்தது. கட்டணம் செலுத்தி எவரும் தேடிப் பார்க்கலாம். ஆனால் குரல் ஊருக்கு வந்தது, பதிவேட்டைப் பார்க்க நெடுந்தீவார் கடல் கடந்து போக வேண்டியிருந்தது.

தீவகத்துப் பழைய உறுதி ஒன்றின் அமைப்பைக் கண்டால் அதில் எத்தனை அறிவு செறிந்துள்ளது என்பது விளங்கும். முதலில் எழுதிக் கொடுப்பவர் பெயரும் ஊரும். பிறகு அவருக்கு அக்காணி வந்த வழி, அதாவது முதுசமா, சீதனமா, தேடிய தேட்டமா என்பது. முதுசம் பெற்றோர் வழி வந்த சொத்து, சீதனம் மணத்தின்போது பெண்ணுக்கு அளித்தது, தேடிய தேட்டம் கணவனும் மனைவியும் மணவாழ்வில் ஈட்டியது. இம்மூன்றையும் தேசவழமை வெவ்வேறாக நடத்துவதால் அச்சொல் ஒன்றே வழக்கின் போக்கைத் தீர்மானிக்க வல்லது. அடுத்துத் தோம்பில் கண்ட காணிப்பெயர். அதன்பின் பரப்பளவு, விதைப்பின் கணக்கில்: வரகு விதைக்கும் நிலமாயின் ஓர் இலாச்சம் 18 குழி, நெல் விதைக்கும் நிலமாயின் 12 குழி, ஆகவே ஓர் ஏக்கருக்கு முந்தியதில் 16, பிந்தியதில் 24. எவ்விதைப்பு என்று எழுதாமல் எண்ணை மட்டும் எழுதிய உறுதி மூன்றில் ஒரு பங்கு நிலத்தை விழுங்கிவிடக் கூடும். பின்னர் நான்கு எல்லைகள்: கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாருடைய காணி என்று. கடைசியாக, எல்லைக்குள் நிற்கும் பனையும், கிணற்றில் பங்கும், வழிவாய்க்கால் உரிமையும். நல்ல தண்ணீர்க் கிணறு அரிதான தீவுகளில் அந்தக் கடைசி வரிக்காகவே விலை கூடுவதும் குறைவதும் உண்டு.

இவ்வுறுதியின் மூலத்தைக் காத்தது பெரும்பாலும் பெண்களே. சீதனம் பெண்ணின் சொத்தாதலாலும், ஆண்கள் கொழும்புக்கும் தென்னிலங்கைப் பட்டினங்களுக்கும் கடை வைக்கப் போய்விட்டமையாலும், உறுதிக் கட்டு வீட்டிலிருந்த தாயின் பொறுப்பில் நின்றது. மரப் பெட்டகமும் பின்னாளில் தகர றங்குப் பெட்டியும் அதன் இருப்பிடம். கூறைச் சேலைக்கும் நகைக்கும் அடியில், துணியில் சுற்றிய கட்டு. திறப்பு இடுப்பில் இருந்தது. ஆயினும் அப்பெட்டியைத் திருடுவதால் காணி திருட்டுப் போவதில்லை, ஏனெனில் படிகள் வேறிடங்களில் இருந்தன. இதே குடும்பங்களின் கடைக்கணக்கோ அப்படியன்று. குறிப்பேடும் பேரேடும் ஒரே படியாகக் கடையிலேயே, பெரும்பாலும் உறவினர் ஒருவர் கையில் இருந்தன. யார் எவ்வளவு கடன் என்பது போட்டிக் கடைக்காரருக்குத் தெரியலாகாது என்ற வணிக நியாயம் அதற்கு உண்டு. 1983 ஆடிக் கலவரத்தில் தென்னிலங்கைக் கடைகள் எரிந்தபோது பேரேடுகளும் எரிந்தன. வரவேண்டிய கடனுக்குச் சான்று இல்லாது போயிற்று.

இனமோதலும் உள்நாட்டுப் போரும் இவ்விரு முறைகளையும் இரக்கமின்றிச் சோதித்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறு படி இல்லாதவை மீளவில்லை. 1990 ஆகஸ்டில் தீவுப்பகுதியில் நடந்த படை நடவடிக்கையை அடுத்துப் பெருந்தொகையான மக்கள் குடாநாட்டின் பிற பகுதிகளுக்குப் பெயர்ந்தனர். 1995 ஒக்ரோபரில் அங்கிருந்தும் வன்னிக்குப் பெயர வேண்டியதாயிற்று. நகைக்கு அடுத்தபடி மக்கள் கையில் எடுத்தது உறுதிக் கட்டு. பெயர்வின் வழியில் மூலம் தொலைந்தது, நொத்தாரிசும் நாட்டைவிட்டுப் போயிருந்தார் என்ற நிலையில் மூன்றாவது படியே கடைசி நம்பிக்கையாக நின்றது. பதிவகத்திலிருந்து சான்றுப்படுத்திய படி பெறுவது மீள்குடியேறியோரின் முதல் வேலைகளுள் ஒன்றாயிற்று.

உறுதி கையில் இருந்தாலும் இன்னொரு தடை இருந்தது. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, உடையவருக்கு எதிராகப் பத்தாண்டு தடையின்றி ஆண்டவருக்குக் காணியில் உரிமை உண்டு. இருபது ஆண்டு ஊருக்குத் திரும்ப இயலாதவரின் உறுதி இச்சட்டத்தின் முன் வெறுந்தாளாகிவிடக் கூடும். அதனால் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் காலாவதிச் சிறப்பேற்பாட்டுச் சட்டம், போரினால் தம் காணியை அணுக முடியாதிருந்தோரைப் பொறுத்தவரை 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்கியது. வெளிநாட்டில் இருப்போர் அற்றோணித் தத்துவம் எழுதி, அதாவது தமக்காகச் செயற்படும் அதிகாரத்தை ஊரில் உள்ள ஒருவருக்கு எழுத்தில் அளித்து, வழக்கையும் விற்பனையையும் நடத்துகின்றனர். கனடாவிலோ பிரான்சிலோ ஒப்பமிட்ட தாள் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி நெடுந்தீவில் இறங்குகிறது.

அங்கே நில அளவையாளர் உறுதியை விரித்துக் காணியில் நிற்கும்போது, எழுத்தில் கண்ட ஒழுங்கை பற்றையால் மூடியிருக்கும், வடக்கெல்லைக்குரிய அயலவரின் பேரப்பிள்ளைகள் வேறு கண்டத்தில் இருப்பர், எண்ணிக்கை குறித்த பனைகள் சில வீழ்ந்திருக்கும். நெடுந்தீவுக்கு மட்டும் ஒரு வாய்ப்பு உண்டு. முருகைக்கல்லைச் சாந்தின்றி அடுக்கிய வேலிகள் அங்கே காணிக்குக் காணி எல்லையாக நிற்கின்றன. உறுதியும் நிலமும் ஒத்துவராத இடத்தில் அளவையாளர் நூலைப் பிடிப்பது அந்தக் கல்வேலியின் அடியிலிருந்துதான்.